காதுக்குப் பட்டு

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால், பந்தற்கால் நடுவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். முதல் நாள் மத்தியானமே மைக் செட்காரர் வந்து, தெருக்கோடியில் நிற்கும் பூவரச மரத்தில் ஏறி இரண்டு குழாய்களைக் கட்டிவிடுவார். ஒன்று கிழக்கே பார்க்கும். ஒன்று மேற்கே பார்க்கும். பிறகு பிள்ளையார் பாட்டு ஒன்று கிளம்பும். இரண்டு மைலுக்கு அப்பால் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து, "யார் வீட்டிலே விசேஷம்?" என்று விசாரிப்பார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் சம்பிரதாயத்துக்கு. உண்மையான அழைப்பு அந்தக் குழாய் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குழாய்களுக்கு இப்போது நல்ல காலம் இல்லை. விநாயகர் சதுர்த்தி வந்தால் போலீஸ் அறிவிப்பில் தவறாமல் ஒரு வரி இருக்கிறது: கூம்பு வடிவக் குழாய் கூடாது, பெட்டி ஒலிபெருக்கிதான் வைக்க வேண்டும். ஆகவே பந்தல் வாசலில் ஆள் உயரப் பெட்டிகள் வந்து நிற்கின்றன. அவற்றின் வயிற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒன்றோ இரண்டோ ஒலிபெருக்கிகள். தலைப்பக்கத்தில் சின்னதாக ஒன்று. பெரியதற்கு ஆங்கிலத்தில் வூபர் என்று பெயர். நாய் குரைக்கிற சத்தத்திலிருந்து வந்த பெயர். சின்னதற்கு ட்வீட்டர், குருவியின் கீச்சுச் சத்தத்திலிருந்து வந்தது. நாயையும் குருவியையும் ஒரே கூண்டில் அடைத்துச் சங்கீதம் பண்ணச் சொல்லியிருக்கிறான் வெள்ளைக்காரன்! நான் எழுத வந்தது அந்தக் குருவியைப் பற்றி.

என் தங்கை மகன் திருக்கோகர்ணத்தில் குடியிருக்கிறான். பாங்கு உத்தியோகம். மற்றவர்கள் வீட்டுக்கு வர்ணம் பூசுகிற காசில் அவன் ஒலிபெருக்கி வாங்குகிறவன். சென்ற வருஷம் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டு, "மாமா, பட்டு நல்லதா, அலுமினியம் நல்லதா?" என்றான். ஏதோ சீர் விஷயம் பேசுகிறான் என்று நினைத்து, "பட்டுதான்" என்று சொல்லி வைத்தேன். "நானும் அதேதான் சொல்றேன். என் சிநேகிதன் ஒத்துக்க மாட்டேங்கறான்" என்றான். பிறகுதான் அது ட்வீட்டர் சமாசாரம் என்று புரிந்தது.

ட்வீட்டரின் உயிர் ஓர் அங்குல விட்டமுள்ள ஒரு கவிகையில் இருக்கிறது. குங்குமச் சிமிழின் மூடியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அதன் விளிம்பில் மெல்லிய கம்பிச் சுருள். சுருள் நிற்பது ஒரு காந்தத்தின் இடுக்கில். பாட்டு மின்சாரமாக வந்து சுருளில் பாய்கிறபோது, கவிகை முன்னும் பின்னும் ஆடுகிறது. செகண்டுக்கு மூவாயிரம் தடவை, பத்தாயிரம் தடவை ஆடுகிறது. சுருள், காந்தம், காகிதக் கூம்பு மூன்றும் சேர்ந்த ஒலிபெருக்கியை 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் விவரித்து எழுதினார்கள். காகிதக் கூம்புக்குப் பதிலாகக் கவிகை வைத்த ட்வீட்டரை 1958-ல் எட்கர் வில்ச்சூர் என்பவர் தம்முடைய ஏஆர்-3 என்ற பெட்டியில் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் கவிகையை எதனால் செய்வது என்ற சண்டை.

பட்டுக் கட்சி சொல்வது இது: துணியின் மேல் பிசின் பூசிச் செய்த கவிகை மெத்தென்று இருக்கும். ஆடினால் ஆடும், நிறுத்தினால் நின்றுவிடும். அதனால் அதில் வரும் பாட்டு காதுக்கு இதம். மூன்று மணி நேரம் கேட்டாலும் அலுப்புத் தட்டாது. உலோகக் கட்சி சொல்வது: துணி வளையும், நெளியும். சுருள் ஒரு பக்கம் போக, கவிகையின் உச்சி பின்தங்கும். அலுமினியமோ டைட்டானியமோ விறைப்பாக இருந்து, முழுக் கவிகையும் ஒரே உடம்பாக அசையும். அதனால்தான் தம்பூராவின் ஜீவாவும் ஜாலராவின் நுனியும் துலக்கமாக விழுகின்றன.

இரண்டிலும் வாஸ்தவம் இருக்கிறது. வெண்கலப் பானையைத் தட்டினால் கணீர் என்று கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே இருக்கும். தலையணையைத் தட்டினால் பாடாது. உலோகக் கவிகைக்கும் அந்தப் பானைக் குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அதிர்வில் அது சிலிர்த்துக்கொண்டு தானே பாட ஆரம்பிக்கும். ஆனால் அது எந்த அதிர்வில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் அங்குல அலுமினியக் கவிகை சிலிர்ப்பது சுமார் 25,000 அதிர்வில். குழந்தையின் காதே 20,000-த்தோடு நின்றுவிடுகிறது. அறுபது வயதுக்காரனுக்கு 12,000 கேட்டால் பூர்வ புண்ணியம். ஆக, அந்த வெண்கலப் பானை பாடுவதைக் கேட்டு எரிச்சல்படுகிற தகுதி வீட்டில் நாய்க்குத்தான் உண்டு.

டைட்டானியம் என்றால் இன்னும் உசத்தி என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது வலுவானதுதான்; கனமும் கூடத்தான். விறைப்பைக் கனத்தால் வகுத்துப் பார்த்தால் அலுமினியமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கின்றன. நிஜமாகவே ஒரு படி மேலே நிற்பது பெரிலியம். அலுமினியத்தைவிட லேசு, அதே கணக்கில் ஆறு மடங்கு விறைப்பு. ஆனால் அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். விலையோ பாங்கு உத்தியோகஸ்தனுக்கே விஷம். மினி பஸ்ஸில் தலைக்கு மேல் கீச்சிடுகிறதே, அது வேறு ஜாதி. அதில் பெரும்பாலும் சுருளும் கிடையாது, காந்தமும் கிடையாது. மின்சாரம் பட்டால் நெளிகிற ஒரு பீங்கான் வில்லைதான் எல்லாம். மலிவு, லேசில் கருகாது. ஆனால் எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி நடத்தாது. சிலதைக் கொஞ்சும், சிலதைக் குத்தும்.

மருமகன் என்னை வரச்சொல்லி ஒரு பரீட்சை வைத்தான். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்றில் பட்டு, ஒன்றில் அலுமினியம். முன்னால் ஒரு வேஷ்டியைத் திரையாகக் கட்டினான். கேட்பதற்கு என்ன வேண்டும் என்றான். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு வேறு எதைக் கேட்பது? கஞ்சிரா போடச் சொன்னேன்.

காது விஷயத்தில் எங்கள் ஜில்லாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. குடுமியான்மலைப் பாறையில் ஏழு கிராம ராகங்களுக்கு உரிய ஸ்வரங்களை நாலு நாலாக வகுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். மிருதங்கத்தில் 'புதுக்கோட்டை வழி' என்றே ஒரு வழி இருக்கிறது. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கிக் கொடுத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்தையும் கஞ்சிராவையும் ஒரே கையால் ஆண்டவர்.

கஞ்சிராவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைவிட எளிய வாத்தியம் கிடையாது. பலா மரத்தில் ஒரு வளையம். ஒரு பக்கம் மட்டும் தோல். வளையத்தில் ஒரு துளை; அதில் ஓரிரண்டு நாணயங்கள். தோல், உடும்புத் தோல். 1972-ம் வருஷத்து வனஜீவன் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்புக்குக் காவல் கிடைத்தது. அதனால் ஆட்டுத் தோலையும் செயற்கைத் தோலையும் போட்டுப் பார்க்கிறார்கள். உடும்பின் நாதம் வரவில்லை என்று வித்வான்கள் குறைப்படுவதும், வருகிறது என்று செய்து விற்கிறவர்கள் சாதிப்பதும் நம் பட்டு அலுமினியச் சண்டையின் உடன்பிறப்பு.

ஆனால் கஞ்சிராக்காரர் மேடையில் முதலில் செய்கிற காரியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தோலின் உட்புறத்தில் இரண்டு சொட்டு தண்ணீர் தடவுவார். காய்ந்த தோல் தகரம் மாதிரி கத்தும். ஈரம் பட்டதும் இறங்கி வந்து கும்கி கொடுக்கும். அரை மணி கழித்து மறுபடி காயும், மறுபடி தண்ணீர். அப்புறம் உள்ளங்கை அழுத்துகிற அழுத்தம், விரல் விழுகிற இடம். தோல் அதேதான். அதிலிருந்து இதத்தையும் எடுக்கலாம், எரிச்சலையும் எடுக்கலாம்.

பரீட்சைக்கு வருவோம். மருமகன் இரண்டு பெட்டியின் சத்தத்தையும் டெலிபோனில் உள்ள ஒரு கருவியால் அளந்து சமமாக வைத்தான். நான், அவன், அவன் மனைவி மூவரும் திரைக்கு இந்தப் பக்கம். அவனுடைய பையன் அந்தப் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டான். பத்துத் தடவையில் நான் ஐந்து தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்கு கிடைத்திருக்கும். பட்டுக் கட்சித் தலைவரான மருமகனுக்கு ஆறு. பிறகு பையன் குறும்பாக, எங்களிடம் சொல்லாமல் பட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டான். "இது அலுமினியம்! குத்துது பாருங்க மாமா" என்றான் என் மருமகன். அவன் மனைவி சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள்.

அதனால் சாமான் முக்கியம் இல்லை என்று சொல்ல வரவில்லை. மரத்தில் கட்டும் குழாய்க்குப் பின்னால் 'யூனிட்' என்று ஒன்றைத் திருகுகிறார்களே, அதற்குள் இருக்கும் டயாப்ரம் ஓர் அங்குலத்தைவிடப் பெரியது. பெரிய மேடைகளுக்கு வருகிற யூனிட்டுகளில் மூன்று நாலு அங்குலத்துக்கு டைட்டானியம் இருக்கும். அந்த அளவுக்கு அகலமானால், சிலிர்க்கிற அதிர்வு இறங்கி நம் காதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே என்ன சாமான் என்பது கேட்கும். வீட்டுப் பெட்டியில் நம்மை அலுக்க வைப்பது பெரும்பாலும் வேறு இரண்டு சங்கதிகள்.

ஒன்று, காதின் அமைப்பு. காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குட்டிக் குழாய். புல்லாங்குழல் போல அதற்கும் ஒரு சொந்த ஸ்வரம் உண்டு. ஏறக்குறைய 3,000 அதிர்வு. குழந்தையின் அழுகை அந்தப் பக்கத்தில்தான் பலமாக விழுகிறது; பகவான் காரணமாகத்தான் வைத்திருக்கிறார். அந்த இடத்தில் ஒலிபெருக்கி கொஞ்சம் தூக்கலாகப் பாடினாலும் ஊசி மாதிரி இறங்கும். மரத்துக் குழாய்க்கு அதுதான் பிரியமான இடம். அடித்தொனி அதில் வராது, உச்சத்தொனியும் குறைவு. நடுவில் இருப்பதை வாரி ஒரே திசையில் கொட்டும். ஆம்ப்ளிபையர்கள் சக்தியற்று இருந்த காலத்தில், கார் பாட்டரியில் கூட்டம் நடத்திய காலத்தில் அது பெரிய உபகாரம். வீட்டுப் பெட்டி நூறு வாட் சாப்பிட்டுப் போடும் சத்தத்தைக் குழாய் ஒரு வாட்டில் போட்டுவிடும்.

மற்றொன்று, மனிதனின் பேராசை. ஆம்ப்ளிபையரை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால், ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. வெட்டின விளிம்பிலிருந்து பாட்டில் இல்லாத கீச்சுகள் பிறக்கின்றன. அவை நேரே ட்வீட்டருக்குப் போய்ச் சேர்கின்றன. பட்டு ஆனாலும் பெரிலியம் ஆனாலும் அந்தக் கீச்சைத்தான் பாட வேண்டும். பாடிப் பாடிச் சுருளும் கருகும். "ட்வீட்டர் போயிடுச்சு" என்று மாற்றுகிறார்கள். நம் காதில் போனதை எங்கே மாற்றுவது?

இதை எனக்கு உறைக்கச் சொன்னவர் ஆலங்குடிப் பக்கத்து மைக் செட்காரர் ஒருவர். நாற்பது வருஷத் தொழில். மாசித் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஜல்லிக்கட்டு எல்லாவற்றுக்கும் அவர்தான். மரம் ஏறுகிற காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். மூன்று வருஷம் முன்பு ஒரு பந்தலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாகஸ்வரம் ரிக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த பெண்கள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். டிரபிள் குமிழ் வலது கோடியில் நின்றது.

"கொஞ்சம் குறைக்கலாமே" என்றேன்.

"எதைங்கய்யா குறைக்கிறது? இப்பவே மங்கலாத்தானே கேக்குது!" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மங்கலாகத்தான் கேட்டது. காதின் உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஓர் இடம். அதில் காதுக்குச் சுமார் 15,000 ரோம அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பிறக்கும்போது கொடுத்ததுதான்; போனால் முளைக்காது. வாசலுக்குப் பக்கத்தில் நிற்பவை உச்சத்தொனிக்கு உரியவை. பெருஞ்சத்தம் பழக்கமாகிவிட்டால் முதலில் சாய்வது பெரும்பாலும் 4,000 அதிர்வை ஒட்டிய பாத்தி. 85 டெசிபலில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறைய வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைக்கிற அவகாசம் கால் மணி நேரம். குழாயின் அடியில் ராப்பகலாக உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கணக்கை யார் சொன்னார்கள்?

அவருக்கு உச்சத்தொனி குறையக் குறைய, அவர் குமிழை வலப்பக்கம் திருப்பியிருக்கிறார். திருப்பத் திருப்ப இன்னும் குறைந்திருக்கிறது. தம் காதில் இல்லாததை எங்கள் எல்லோர் காதிலும் தேடியிருக்கிறார், பாவம்!

சட்டம் ஒன்று இருக்கிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், நடுநிசி வரை சர்க்கார் தளர்த்தலாம். 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விதி தெருவில் இருப்பவர்களுக்குக் காவல். குமிழைப் பிடித்திருப்பவரின் காதுக்கு அவரேதான் காவல்.

அவருடைய மனைவி வேறு ஒரு விதத்தில் கண்டுபிடித்திருந்தார். "கூப்பிட்டா வர்றாங்க. சொன்னதுதான் புரிய மாட்டேங்குது. சட்டின்னா தட்டிங்கறாங்க" என்றார். ச, ஸ, த போன்ற ஒலிகளின் அடையாளம் உச்சத்தொனியில்தான் இருக்கிறது. அது போனால் பேச்சு கேட்கும், சொல் பிரியாது. எல்லோரும் வாய்க்குள் பேசுகிறார்கள் என்று அவர் வீட்டில் கோபித்துக்கொள்வாராம். ஐந்து வயதுப் பேத்தி ஒருத்தி. கீச்சுக் குரல். தாத்தாவிடம் கதை சொல்ல வந்தவள், இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டதும், எழுந்து பாட்டியிடம் போய்விட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் ஆம்ப்ளிபையரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

பிறகு டாக்டரிடம் போனார். காதை அளந்து ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கோடு சமமாக வந்து, 4,000 அருகில் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்குகிறது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்குரூ டிரைவரும் பியூஸ் கம்பியும் இருக்கிற பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.

சென்ற பங்குனியில் நார்த்தாமலை பூச்சொரிதலுக்குப் போகிற வழியில் ஒரு பந்தலில் அவரைப் பார்த்தேன். ஆள் உயரப் பெட்டிகள் நாலு. பக்கத்தில் போனேன், காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை. பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளி, ஜனங்களின் தலைக்கு மேல் பார்க்கிற மாதிரி ஏற்றி வைத்திருந்தார். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறைகிறது. முன்வரிசைக்கு அது பெரிய தர்மம். ஆம்ப்ளிபையருக்கு எதிரே ஓர் இருபது வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். காதில் மஞ்சள் நிறத்தில் பஞ்சு அடைப்பான்.

"ட்வீட்டர் மாத்தினீங்களா? இதமா இருக்கே! பட்டா?" என்று கேட்டேன், உரக்க, அவர் முகத்தைப் பார்த்து.

"அதே பழைய டைட்டானியம்தாங்கய்யா" என்றார். "குமிழுதான் கை மாறிப்போச்சு. பையன் வைக்கிறான். எனக்கு மங்கலா கேட்டுச்சுன்னா, மத்தவங்களுக்குச் சரியா இருக்குன்னு அர்த்தம். நான் தொடறதில்லை."

பேத்தி அவர் மடியில் இருந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தவள், முதலில் இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.